ஈரக்கையும் மின்சாரமும்: நம் வீட்டில் இருக்கும் அமானத்

(மழைக்காலத்திற்கு முன் நடந்த ஜமாஅத் குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, பெண்பிள்ளைகளின் திருமண உதவி பற்றிப் பேசுவோம். இன்று உங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றியும், மோட்டார் சுவிட்சைப் பற்றியும், துணி காயப்போடும் கம்பியைப் பற்றியும் பேசப் போகிறோம். இது என்ன எலக்ட்ரீஷியன் பேசும் பேச்சு, அறக்கட்டளைக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத் தலைவர் மின்சாரம் தாக்கி மவுத்தாகிவிட்டால், இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் அரிசியும் பணமும் கொடுக்க நாம் முன்வருகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம். அதற்கெல்லாம் நம் கணக்கேட்டில் தலைப்பு இருக்கிறது. அந்த மவுத்தைத் தடுக்க வழியிருந்தால் அதற்கும் ஒரு தலைப்பு வேண்டும் அல்லவா? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

தண்ணீரும் மின்சாரமும் நம் பகுதிக்கு ஒரே வாசல் வழியாக வந்தவை. மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. 1937-இல் அதே அணையின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இன்று பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடுவதும், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் விளக்கு எரிவதும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போட்ட ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் மேலே வருவதும் மின்சாரத்தால்தான். இரண்டும் அல்லாஹ்வின் நிஃமத்துகள். ஆனால் வீட்டுக்குள் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் ஆபத்து.

நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. ஒரு நாளைக்கு 30 உயிர்களுக்கு மேல். 2017 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை கொடுங்கையூரில், தெருவில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்திருந்தது தெரியாமல் கால் வைத்த இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2024 மே மாதம் கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு குடியிருப்பின் பூங்காவில், மின்கசிவு இருந்த சறுக்கு விளையாட்டுச் சாதனத்தைத் தொட்ட இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் தீப்பொறி பறக்கவில்லை, சத்தம் வரவில்லை. தண்ணீர் தண்ணீராகவே தெரிந்தது, இரும்பு இரும்பாகவே தெரிந்தது. கசிந்த மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. நம் வீட்டு வாட்டர் ஹீட்டரிலும் வாஷிங் மெஷினிலும் அது இப்படித்தான் இருக்கும்.

ஈரம் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதை எளிதாகச் சொல்கிறோம். காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். கை நனைந்து, கால் ஈரத்தரையில் வெறுங்காலாக இருந்தால் அந்தத் தடை பல மடங்கு குறைந்துவிடும். அப்போது நம் வீட்டு 230 வோல்ட், உடம்பு வழியாக 200 மில்லி ஆம்பியர் அளவுக்குக்கூடப் பாய்ந்துவிடும். எவ்வளவு பாய்ந்தால் ஆபத்து? அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் இதை ஆராய்ந்தார். சுமார் 10 முதல் 16 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசைகள் இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது என்று கண்டார். ‘கரண்ட் பிடித்துக்கொண்டது’ என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உங்கள் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வது சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்தச் சின்ன பல்பை எரிய வைக்கும் மின்சாரம் ஒரு மனிதரின் உயிரை எடுக்கப் போதும்.

இப்போது இன்றைய பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் அதுவே விழுந்துவிடும்’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பழைய வீடுகளில் ‘பீஸ் போய்விடும்’ என்பார்கள். எம்.சி.பி.யில் 6 என்றும் 16 என்றும் 32 என்றும் எழுதியிருக்கும். அது ஆம்பியர் கணக்கு. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். உங்கள் மகள் ஈரக்கையோடு ஹீட்டரைத் தொட்டு, அவள் உடம்பு வழியாக 200 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், அந்த எம்.சி.பி.க்கு அது ஒரு பல்பு எரிவது போலத்தான். விழவே விழாது. எம்.சி.பி.யும் பீஸும் வயரைக் காப்பாற்றுவதற்காக, வீடு தீப்பிடிக்காமல் இருப்பதற்காக வைத்தவை. மனிதரைக் காப்பாற்றும் கருவி வேறு.

அந்தக் கருவிக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். ஆர்.சி.டி. என்றும் சொல்வார்கள். கடைக்காரர்கள் சிலர் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது செய்யும் வேலை வரவு செலவு பார்க்கும் வேலை. ஒரு வயரில் வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் இன்னொரு வயரில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்று எழுதியவையும் கடையில் உண்டு. ஈரக்கைக்கு அவை போதாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் ஈரத்தில் வேலை செய்தவர்களின் உயிருக்கு மின்சாரம் பெரிய ஆபத்தாக இருந்தது. அந்த ஆபத்தைத் தடுக்கும் முயற்சியில்தான் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1956-இல் 20 மில்லி ஆம்பியருக்கும் குறைந்த கசிவிலேயே துண்டிக்கும் கருவியைச் செய்து காட்டினார். சுரங்கத் தொழிலாளிக்காகத் தொடங்கியது இன்று நம் ஊர் மின்சாமான் கடையில் கிடைக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயமாக்கி விதி செய்திருக்கிறது. ஒரு தரமான கருவி சுமார் 2,000 ரூபாய் அளவில் வரும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். எம்.சி.பி.யை எடுத்துவிட வேண்டாம். வயருக்கு அது, உயிருக்கு இது. இரண்டும் வேண்டும்.

பொருத்திய பிறகு சிலர் வீட்டில் அது அடிக்கடி விழும். ‘ஒரே தொல்லை’ என்று அதை விலக்கி நேரடியாக வயர் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் வீட்டில் எங்கோ கசிவு இருப்பதை அது சொல்கிறது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அந்தக் கருவியில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் அதை ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் கருவி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது எர்த். ஹீட்டரின் உடம்பில் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் நம்மைத் தேடி வராமல் மண்ணுக்குப் போக ஒரு வழி எர்த். எர்த் சரியாக இருந்தால், கசிவு வந்த அந்தக் கணமே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். இது பெரிய வித்தியாசம். நம் பகுதி மண் கல்லும் சரளையும் கலந்தது. சித்திரை, வைகாசியில் எர்த் குழி எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது. அதனால் கோடையில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சுவிட்சுக்குத் தண்ணீர் ஆகாது, எர்த் குழிக்குத் தண்ணீர் வேண்டும். சிலர் செலவை மிச்சம் பிடிக்க எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவார்கள், அல்லது நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. மூன்று முள் பிளக்கில் மேல் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டைச் சாக்கெட்டில் செருகுவதும் அப்படியே. அந்த மேல் முள்தான் எர்த்.

இனி வீட்டில் தினமும் நடக்கும் காரியங்களுக்கு வருவோம்.

தாய்மார்களே, குளிர்காலத்தில் பஜ்ருக்கும், ரமலானில் சஹருக்கும் எழுந்து ஒளுவுக்கும் குளிப்புக்கும் வெந்நீர் வைக்கிறீர்கள். பல வீட்டில் வாளியில் போடும் ஹீட்டர் கம்பிதான். தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரம் மூன்றும் சேரும் நேரம் அது. ஆகவே ஒரு வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கம்பி தண்ணீருக்குள், பிறகு சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகு பிளக்கைப் பிடுங்குவது, கடைசியாகக் கம்பி. சூடு பார்க்க விரலை விடாதீர்கள். இரும்பு, அலுமினிய வாளியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியானால் ஆபத்தில்லை என்றும் நினைக்காதீர்கள். வாளிக்குள் இருக்கும் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும். அது ஓடிக்கொண்டிருக்கும் குளியலறையில் குழந்தை நுழையக் கூடாது.

நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். பாத்திரத்தில் வெள்ளை படிவது போல ஹீட்டர் கம்பியிலும், கீசருக்குள்ளும் படிகிறது. படிவு ஏற ஏறக் கம்பி அளவுக்கு மேல் சூடாகி, மேலுறை வெடித்து, கசிவு தொடங்குகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். வெடிப்பு விட்ட கம்பியை ‘இன்னும் சுடுகிறதே’ என்று வைத்திருக்க வேண்டாம். கீசர் இருக்கும் வீட்டில் தண்ணீர் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள். வருடம் ஒருமுறை பழுது பார்ப்பவரை அழைத்து உப்பைச் சுத்தம் செய்யுங்கள். குழாயைத் தொடும்போது லேசாகச் ‘சுர்’ என்றால் அது முதல் எச்சரிக்கை. அன்றே மெயினை நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம். நைலான் கயிறு கட்டுங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கும் கம்பியிலோ, அந்த இரும்புக் குழாயிலோ கொடியைக் கட்டவே கூடாது. வயரின் தோல் உராய்ந்து போனால் கொடி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். ஈரத்துணியும் ஈரக்கையுமாக அதைத் தொடுபவர் நம் வீட்டுப் பெண்தான்.

மோட்டார் சுவிட்சைத் தொட்டிக்குப் பக்கத்தில், மழைச்சாரல் படும் சுவரில் வைத்திருப்பவர்கள் உள்ளே மாற்றுங்கள். முடியாவிட்டால் மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். வாஷிங் மெஷின் நிற்கும் தரை ஈரமாக இருந்தால் வெறுங்காலோடு நிற்காதீர்கள், ரப்பர் செருப்புப் போடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டரையும் அணைக்காதவரை வயரில் மின்சாரம் இருக்கும்.

பள்ளிவாசலையும் மறந்துவிடக் கூடாது. ஹவுளுக்குப் பக்கத்து மோட்டார், ஒளு செய்யும் இடத்து விளக்கு, வெளியே வைக்கும் ஸ்டீல் வாட்டர் கூலர், மய்யித்தைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கும் இடம், பெருநாளைக்குக் கட்டும் சீரியல் விளக்கு, வலீமாப் பந்தலில் சமையல் நடக்கும் ஈரத்தரையில் இழுத்துவிட்ட வயர், எல்லாம் ஈரக்கையும் ஈரக்காலும் படும் இடங்கள். பள்ளிவாசல் இணைப்பில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று முத்தவல்லி அவர்களும் நிர்வாகமும் இந்த மாதமே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மழைக்காலம் பற்றி ஒரு சொல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டிலும் சேலத்திலும் கொட்டியபோது தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நேர்ந்தால், தண்ணீர் வாசலுக்கு வரும்போதே, கால் நனையும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் சூழ்ந்த பிறகு மெயினைத் தேடி அதில் இறங்காதீர்கள். வெளியே இருந்து மின்வாரியத்தை அழையுங்கள். மின்னகம் எண் 94987 94987. தெருவில் வயர் அறுந்து கிடந்தாலும் இதே எண்தான். வயரை விட்டுத் தள்ளி நின்று மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். வடிந்த பிறகும், நனைந்த சுவிட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை போடாதீர்கள்.

ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் என்ன செய்வது? மகன் துடிப்பதைப் பார்த்த தாய் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பாள். அது இயல்பு. ஆனால் அங்கேதான் ஒரு மவுத் இரண்டாகிறது. தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுந்தும்படி அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். மணலில் புதைத்தால் கரண்ட் இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நேரம் போய்விடும். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாம் கேட்கும் இரண்டு பதில்களைப் பற்றி.

ஒன்று, ‘அஜல் வந்துவிட்டால் யார் தடுக்க முடியும்?’ என்பது. தக்தீரை நாம் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்னவர்களும் அவர்களே. எலி திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடலாம் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். எண்ணெய் விளக்குக் காலத்தில் வீட்டுப் பாதுகாப்பை அவர்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்தில் உயிரும் ஒன்று என்று ஆலிம்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உயிர் நம்மிடம் அமானத்.

இரண்டாவது, வாடகை வீட்டுப் பேச்சு. நம் ஜமாஅத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய. ‘வீட்டுக்காரர் செய்யட்டும்’ என்கிறார் குடியிருப்பவர். ‘இருக்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்’ என்கிறார் வீட்டுக்காரர். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுப் பெண் ஈரக்கையோடு சுவிட்சைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர்களுக்கு நாம் பணிவோடு சொல்வது இது: வாடகை வாங்குவது ஹலால். ஆனால் நம் சுவருக்குள் ஓடும் வயரால் இன்னொருவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் உங்கள் பொறுப்பு. குடியிருப்பவர்களுக்குச் சொல்வது: கேட்பதற்குத் தயங்காதீர்கள். அவர் தாமதித்தால், முன்பணத்தில் கழித்துக்கொள்வதாகப் பேசி நீங்களே பொருத்துங்கள்.

இருவராலும் முடியாத வீடுகள் உண்டு. கணவரை இழந்தவர்கள், தறிக்கூலியில் வாழ்பவர்கள், நோயாளிகளை வைத்திருப்பவர்கள். அந்த வீடுகளுக்கு நமது அறக்கட்டளை சதகா நிதியிலிருந்து ஆர்.சி.சி.பி. வாங்கிப் பொருத்தித் தருவது என்று தீர்மானித்திருக்கிறோம். ஜகாத் நிதியை இதில் சேர்க்கவில்லை. அதை ஆலிம்களின் ஆலோசனைக்கு விட்டிருக்கிறோம். அடுத்தவர் சுவரில் அறக்கட்டளைப் பணத்தை ஏன் பதிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். சுவர் யாருடையதாக இருந்தாலும் அதைத் தொடும் கை நம் சகோதரியுடையது. வீடு மாறும்போது கருவியைக் கழற்றி எடுத்துப்போகவும் முடியும். இன்ஷா அல்லாஹ், மழை வலுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இளைஞர்கள் ஓர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனோடு தெருத்தெருவாக வருவார்கள். எர்த் பார்ப்பார்கள், ஹீட்டர் கம்பியைப் பார்ப்பார்கள், கொடிக்கம்பியைப் பார்ப்பார்கள். கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் குறை சொல்ல வருகிறார்கள் என்று எண்ணாமல் கதவைத் திறங்கள்.

வசதி உள்ளவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு வலீமாவில் சில தட்டு பிரியாணியின் விலைதான் ஒரு வீட்டுக்கான கருவி. உங்கள் மகன், மகள் நிக்காஹ் நடக்கும்போது ஒரு ஏழை வீட்டுக்கு இதைப் பொருத்திக் கொடுத்து நிய்யத் வையுங்கள். மறைந்த பெற்றோர் பெயரால் கொடுக்க விரும்புவோரும் கொடுக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு மெயின் போர்டுக்கு முன் நில்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதிய, ‘டி’ பொத்தான் உள்ள கருவி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் நாளை நம் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் ஒவ்வொரு வீட்டையும், வீட்டில் உள்ள பெண்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. பிறர் உயிரைக் காக்கும் காரியத்தில் நம் அனைவரையும் பங்குபெறச் செய்வானாக. ஆமீன்.